சாந்தினி சௌக்கை ஜஹானாராதான் கட்டினாரா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஆமா, இல்லையா என்ற கேள்வி. முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மகள் ஜஹானாராவுக்குக் கடை கடையாக ஏறி இறங்கப் பிடிக்கும், அதனால் அப்பா ஆசையாகக் கட்டிக்கொடுத்ததுதான் சாந்தினி சௌக் என்று தில்லியில் ஒரு வழிகாட்டி சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பித் தேடிப் பார்த்தால் அதே இளவரசியை ‘சாந்தினி சௌக்கை வடிவமைத்த கட்டடக் கலைஞர்’ என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது என்கிறீர்கள். என் பார்வையில் இரண்டும் தவறு. ஆனால் முதலாவதுதான் பெரிய தவறு. உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தப்புரத்தில் திரைக்குப் பின்னால் வாழ்ந்த ஒரு பெண் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு தலைநகரின் நடுமையத்தைக் ‘கட்டினார்’ என்றால், அவர் கொடுத்தது பணம் மட்டுமா, முடிவும் அவருடையதா, வரைபடமும் அவருடையதா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். பழங்கட்டடப் பராமரிப்பு என் தொழில். பழைய தில்லியில் ஹவேலிகளை, அதாவது பழைய மாளிகை வீடுகளை, அளந்து வரைவதிலும், பழைய வரைபடங்களை இன்றைய தெருவோடு பொருத்திப் பார்ப்பதிலும் பல வருடங்கள் போயிருக்கின்றன. பாரசீகம் எனக்கு நேரடியாக வாசிக்க வராது. அரசவைக் குறிப்புகளை மொழிபெயர்ப்பில் படித்தவன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத செய்திகள். ஜஹானாரா 1614-இல் பிறந்தார். 1631-இல் தாய் மும்தாஜ் மஹல் புர்ஹான்பூரில் பிரசவத்தில் இறந்தபோது ஜஹானாராவுக்கு வயது 17. ஷாஜகானுக்கு வேறு மனைவியர் இருந்தும், அந்தப்புரத்தின் முதல் பெண்மணி என்ற இடம் அவர்களில் ஒருவருக்கும் போகவில்லை, இந்தப் பெண்ணுக்குத்தான் வந்தது. மும்தாஜ் விட்டுப்போன சொத்தின் மதிப்பு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அதில் பாதி ஜஹானாராவுக்கு; மீதிப் பாதியைத்தான் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். அவருடைய ஆண்டு மானியம் 6 லட்சத்திலிருந்து 10 லட்சமானது. அந்தக் காலத்தில் பெரிய மன்சப்தார்களே, அதாவது அரசின் உயர் பதவியாளர்களே, பொறாமைப்படக்கூடிய தொகை அது. 1644-இல் விளக்கின் தீ அவருடைய மெல்லிய ஆடையில் பற்றி உடலெல்லாம் வெந்துபோனது. பல மாதம் உயிருக்குப் போராடிப் பிழைத்தார். அந்த மகிழ்ச்சியில் தந்தை அவருக்குக் கொடுத்தவற்றில் ஒன்று சூரத் துறைமுகத்தின் வருவாய்.

சூரத் என்பதை வாசிக்கும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முகலாயர்களுக்கு அரபிக் கடலை நோக்கித் திறந்த முதன்மையான வாசல் அதுதான். பாரசீகம், அரேபியா, ஐரோப்பா என எங்கிருந்து சரக்கு வந்தாலும் சுங்கம் அங்கே. ஜஹானாராவுக்குச் சொந்தமாகவே ‘சாஹிபி’ என்ற கப்பல் இருந்தது. வியாபாரச் சரக்கும் ஹஜ் பயணிகளும் அதில் போனார்கள். மக்காவின் ஏழைகளுக்கென்று அரிசி அனுப்பும்படி அவர் கட்டளையிட்டதும் பதிவாகியிருக்கிறது. அரச குடும்பத்துப் பெண்கள் தம் முத்திரையிட்டு அனுப்பும் ஆணைக்கு நிஷான் என்று பெயர். ஜஹானாராவின் நிஷான்கள் சில இன்றும் கிடைக்கின்றன. சிர்மூர் மலை ராஜாவுக்கு எழுதியவை அவற்றில் பெயர்பெற்றவை. ஆக, அந்தப்புரத்துக்குள் அடைந்து கிடந்து அப்பாவிடம் கைநீட்டிய செல்ல மகள் என்ற படம் ஆவணங்களோடு ஒட்டவே ஒட்டாது. அவரிடம் சொந்த வருவாய், சொந்தக் கணக்காளர்கள், சொந்தக் காரியஸ்தர்கள், சொந்த முத்திரை எல்லாம் இருந்தன.

இப்போது ஊருக்கு வருவோம். ஷாஜகான் தலைநகரை ஆக்ராவிலிருந்து தில்லிக்கு மாற்ற முடிவுசெய்து 1639-இல் செங்கோட்டைக்கு அடித்தளம் போட்டார். 1648-இல் கோட்டை அரண்மனைகளுக்குக் குடிபுகுந்தார். ஊரின் பெயர் ஷாஜஹானாபாத். கோட்டையின் லாகூர் வாசலிலிருந்து நேர் மேற்கே ஒரு ராஜவீதி. அகலம் சுமார் 40 கஜம், நீளம் 1,500 கஜத்துக்குச் சற்றுக் கூடுதல். நடுவில் ஒரு கால்வாய், இருபுறமும் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் வளைவுகளோடு கடை வரிசை. இந்த வீதியின் நேர்கோடு, கோட்டையோடு அது சேரும் விதம், கால்வாய் எல்லாம் பேரரசரின் நகரத் திட்டத்தில் சேர்ந்தவை. முழு வீதியையும் ஜஹானாராவின் கணக்கில் எழுதினால் அது மிகை.

அவருக்கே உரியது எது என்றால் வீதியின் நடுமுடிச்சு. 1650-இல் வீதியின் பாதி வழியில் அவர் ஒரு எண்கோணச் சதுக்கத்தை அமைத்தார். ஒவ்வொரு குறுக்களவும் ஏறத்தாழ 100 கஜம், நடுவில் கால்வாய் வந்து நிரப்பும் ஒரு தடாகம். அந்தச் சதுக்கத்துக்கு மட்டும்தான் அன்று சாந்தினி சௌக் என்று பெயர். கோட்டைப் பக்கத்துக் கடைகளுக்கு உருது பஜார், அடுத்த பகுதிக்கு ஜௌஹரி பஜார், மேற்குப் பகுதிக்கு ஃபதேபூரி பஜார் என்று தனித்தனியாகப் பெயர் வழங்கியது. பிற்காலத்தில்தான் சதுக்கத்தின் பெயர் வீதி முழுக்கப் பரவியது. சதுக்கத்தின் வடக்கே பெரிய சத்திரம், அதற்கும் வடக்கே பிரம்மாண்டமான ஒரு தோட்டம், தெற்கே ஒரு பொதுக் குளியல் மண்டபம், அதாவது ஹமாம். தோட்டத்துக்கு சாஹிபாபாத் என்றும் பேகம் கா பாக் என்றும் பெயர். நான்கும் அவருடைய பணத்தில், அவருடைய பெயரில் எழுந்தவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஏனென்றால் அதை நேரில் பார்த்தவர் எழுதிய வர்ணனை நம்மிடம் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே 1663-இல் தில்லியிலிருந்து எழுதிய கடிதம் அது. பெரிய சதுர முற்றம், நாலு பக்கமும் வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் பக்கத்து வளைவிலிருந்து ஒரு சுவர் பிரிக்கிறது, உள்கோடியில் ஒரு சின்ன அறை. மேல்தளத்தில் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடைகூடம், அதிலிருந்து கீழே உள்ளதைப் போலவே அதே எண்ணிக்கையில் அறைகள். பாரிஸில் உள்ள அரச சதுக்கத்தை நினைவூட்டுவதாகச் சொல்கிறார். பாரசீகத்தையும் உஸ்பெக் நாட்டையும் சேர்ந்த பணக்கார வியாபாரிகளும் மற்ற அந்நிய வணிகர்களும் கூடும் இடம் அது, இரவானால் வாசல் பூட்டப்படும், அதனால் பாதுகாப்பு என்கிறார். பாரிஸில் இப்படி இருபது சத்திரங்கள் இருந்தால் புதிதாக வருகிறவர்கள் தங்க இடம் தேடி இவ்வளவு திண்டாட மாட்டார்கள் என்று அங்கலாய்க்கவும் செய்கிறார். இந்தியாவில் பலவற்றைப் பார்த்து மூக்கைச் சுளித்த மனிதர் பெர்னியே. அவரிடமிருந்து வரும் பாராட்டு என்பதால் இதற்கு எடை அதிகம்.

வடிவத்தையும் ஒரு கட்டடக்காரனின் கண்ணால் பாருங்கள். வளைவுகளுக்கு நடுவே சுவர் இருப்பது அழகுக்காக வைத்தது இல்லை. ஒவ்வொரு வணிகனும் தன் சரக்கை முன்பகுதியில் இறக்கி, பின்னால் அறையில் பூட்டிவைத்து, பக்கத்து ஆள் கண்ணில் படாமல் பேரம் பேச அது வசதி. மேலே தங்கல், கீழே சரக்கு, ஒரே வாசல், இரவில் ஒரே பூட்டு. எதிரே ஹமாம். மாதக்கணக்கில் பாலைவனமும் மலையும் கடந்து வந்தவன் முதலில் தேடுவது அதைத்தானே. அங்கிருந்து கிழக்கே சில நூறு கஜத்தில் நகைக்கடைகள், அதற்கப்பால் அரண்மனை. சத்திரத்தையும் ஹமாமையும் இந்த இடத்தில் எதிரெதிரே வைத்தவருக்கு வணிகனின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? சூரத்தில் வரியாக அவர் கைக்கு வந்த பணம் இதே ஆட்களின் பணம்தான்.

இந்தக் கடைசி வரி என் அனுமானம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘சூரத் வணிகர்களை மனத்தில் வைத்து இதைக் கட்டுகிறேன்’ என்று ஜஹானாரா எழுதிவைத்த தாள் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் துறைமுக வருவாய், கப்பல், அந்நிய வணிகர்களுக்கான சத்திரம் மூன்றும் ஒரே பெண்ணின் கையில் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ‘கடைக்குப் போகப் பிடித்த இளவரசி’ கதையைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. வழிகாட்டிகளைக் குறை சொல்லிப் பயனில்லை, சுற்றுலாப் பயணிகள் சிரிக்கும் கதை அது. ஆனால் முதலீடும் நிர்வாகமும் தெரிந்த ஒரு பெண்ணை வளையல் வாங்க வந்தவராகச் சுருக்கிவிடுகிறது.

சரி, வரைந்தது யார்? முகலாயக் காலத்தில் அரச கட்டடம் ஒன்று எழும் முறையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி கொஞ்சம் தெளியும். கட்டுகிறவர் விருப்பத்தைச் சொல்வார். அரசின் கட்டுமானத் துறைக்கென்று ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். செங்கோட்டைப் பணியை கைரத் கான், பிறகு அல்லா வர்தி கான், பிறகு மக்ரமத் கான் என்று மூவர் அடுத்தடுத்துப் பார்த்தார்கள். அளவும் கணக்கும் தெரிந்த உஸ்தாதுகள் திட்டம் வரைவார்கள். கோட்டைக்கு உஸ்தாத் அஹ்மத், உஸ்தாத் ஹமீத் என்ற பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஒப்புதல் வந்ததும் நிலத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே தோண்டுவார்கள். ஜஹானாராவின் சதுக்கத்துக்கும் இப்படி ஒரு உஸ்தாத் கோடு போட்டிருப்பார். அவர் பெயர் அரசவைக் குறிப்புகளில் வரவில்லை. ஜஹானாரா அளவுகோலைக் கையில் பிடித்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. ‘கட்டடக் கலைஞர்’ என்ற இன்றைய தொழிற்பெயரை அவருக்குச் சூட்டுவதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

ஆனால் இங்கே ஒரு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. தாஜ்மஹாலை யார் கட்டியது என்று கேட்டால் ஷாஜகான் என்கிறோம். அவர் வரைந்தாரா, கல் செதுக்கினாரா என்று ஒருவரும் குறுக்கே கேட்பதில்லை. ஒரு பெண்ணின் பெயர் வந்ததும்தான் ‘பணம் மட்டும்தானே கொடுத்தார்’ என்ற சந்தேகம் எழுகிறது. வீடு கட்டும்போது சமையலறை எந்தப் பக்கம், கிணற்றடிக்குப் போகிற வாசல் எது என்றெல்லாம் முடிவு பண்ணியது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி போட்ட நூல் அந்த முடிவைத்தான் தரையில் காட்டுகிறது. இடம் எது, என்ன கட்டுவது, எவ்வளவு செலவு, யாருக்காக என்ற நான்கும் கட்டுவிப்பவரின் முடிவு. ஷாஜகானுக்கு வைக்கிற அதே அளவுகோலை மகளுக்கும் வைத்தால், சாந்தினி சௌக் சதுக்கத்தை ஜஹானாரா கட்டினார் என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

அவர் பெயரைப் போட்டுக்கொண்ட வெறும் புரவலர் இல்லை என்பதற்கு தில்லிக்கு வெளியே இரண்டு கட்டடங்கள் சாட்சி. ஆக்ராக் கோட்டைக்கு மேற்கே ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் ஜாமா மஸ்ஜித் அவருடையது. 1648-இல் முடிந்தது, செலவு 5 லட்சம் ரூபாய். அதன் பெரிய முகப்பு வளைவைச் சுற்றி ஓடும் பாரசீகக் கல்வெட்டில் அவர் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. ஒரு பேரரசின் தலைநகரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான பெரிய மசூதியை மணமாகாத இளவரசி கட்டியது சின்ன விஷயமில்லை. இன்னொன்று ஸ்ரீநகரில், ஹரி பர்வதச் சரிவில். ஜஹானாராவும் தம்பி தாரா ஷுகோவும் காதிரி சூஃபி மரபைச் சேர்ந்த முல்லா ஷாவைக் குருவாகக் கொண்டவர்கள். அந்த முல்லா ஷாவுக்காக எழுந்த மசூதி, சாம்பல் நிறக் கல்லில், மிகச் சிறியது, அலங்காரம் அடக்கமானது. ஆக்ரா மசூதியையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஊர் மக்களுக்குக் கட்டும்போது ஒரு கையும் குருவுக்குக் கட்டும்போது வேறொரு கையும் வேலை செய்தது புரியும். அஜ்மீர் தர்காவில் பேகமி தாலான் என்ற முகமண்டபமும் அவர் கொடுத்ததுதான். அந்தத் தர்காவுக்குரிய சூஃபி ஞானி முயினுத்தீன் சிஷ்தியைப் பற்றி அவரே ஒரு வரலாற்று நூல் எழுதியிருக்கிறார். அந்த ஈடுபாட்டை மதிக்காமல் அவருடைய கட்டடங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு திருத்தம். ஜஹானாராவைத் தனித்த அதிசயமாகக் காட்டுவதும் சரியில்லை. ஷாஜஹானாபாத்தில் நடந்து பார்த்தால் பெண்கள் கட்டியவை அடுத்தடுத்து வரும். வீதியின் மேற்கு முனையை மூடி நிற்கும் ஒற்றைக் குவிமாட மசூதி ஷாஜகானின் மனைவி ஃபதேபூரி பேகத்தினுடையது, அதுவும் 1650. கோட்டையின் தெற்கு வாசலிலிருந்து தொடங்கிய இன்னொரு ராஜவீதியான ஃபைஸ் பஜாரில் மசூதி கட்டியது அக்பராபாதி பேகம். நகர மதிலுக்கும் லாகூர் வாசல் என்றே ஒரு வாசல் இருந்தது, அதற்கு வெளியே சிர்ஹிந்தி பேகத்தின் மசூதி. வடமேற்கே தங்கை ரோஷனாராவின் தோட்டம். அவர் கல்லறையும் அங்கேதான். பிறகு தம்பி ஔரங்கசீப்பின் மகள் ஜீனத்துன்னிஸா யமுனைப் பக்கம் ஒரு மசூதி கட்டினார். இஸ்லாமியச் சட்டத்தில் பெண்ணின் சொத்து பெண்ணுடையது. கணவனோ அண்ணனோ கைவைக்க முடியாது. புதுத் தலைநகரில் கட்டடம் எழுப்பும்படி குடும்பத்தாரையும் பிரபுக்களையும் பேரரசர் ஊக்குவித்தார். இரண்டும் சேர்ந்தபோது ஊரே இப்படி அமைந்தது. ஜஹானாராவின் தனித்தன்மை வேறு: மற்றவர்கள் பெரும்பாலும் மசூதியோ தோட்டமோ கட்டியபோது அவர் தில்லியில் கட்டியது சந்தை, சத்திரம், குளியல் மண்டபம் என்று ஊர் புழங்கும் இடங்கள்.

சந்தேகத்துக்குரியவற்றையும் பிரித்துவைத்துவிடுகிறேன். தடாகத்தில் நிலவு பிரதிபலித்ததால் சாந்தினி சௌக் என்று பெயர் வந்தது என்பதும், வெள்ளி வியாபாரிகளால் வந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுபவை. முதலாவது அழகாக இருக்கிறது, ஆனால் உறுதியான பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். கால்வாயை ஜஹானாரா வெட்டினார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது நிச்சயம் தவறு. 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் யமுனையிலிருந்து வெட்டிய கால்வாய் அதன் மூலம். தூர்ந்துபோனதை அக்பர் காலத்தில் ஒருமுறை சீர்செய்தார்கள். ஷாஜகான் காலத்தில் மறுபடியும் சீர்செய்து தில்லி வரை நீட்டினார்கள். இந்தப் பணியோடு ஷாஜகானின் பிரபு அலி மர்தான் கான் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். தோட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே திறந்திருந்தது என்ற செய்தியையும் கேட்டிருப்பீர்கள். அதையும் செவிவழிச் செய்தியாகவே வையுங்கள். தந்தைக்கும் மகளுக்கும் இடையே தகாத உறவு என்ற அசிங்கமான வதந்தியை எழுதிவைத்தவரும் இதே பெர்னியேதான். கல்லையும் சுண்ணாம்பையும் பற்றி அவர் எழுதியதை நம்புகிறேன், கண்ணால் பார்த்து எழுதியது. அந்தப்புரக் கதைகள் கடைத்தெருவில் கேட்டவை. அரசவையை நெருங்கிப் பழகிய, பிற்காலத்தில் நம் சென்னையில் வந்து குடியேறிய வெனிஸ்காரர் மனூச்சியே அந்த வதந்தியை மறுத்திருக்கிறார்.

இவ்வளவும் கட்டியவருடைய சதுக்கம் எங்கே போனது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நேரில் போனவர் என்பதால் மனத்தில் எழுந்திருக்கும். நீங்கள் அங்கே டவுன் ஹாலைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் பூச்சும் கல் விளிம்புமாக, முன்னால் சுவாமி சிரத்தானந்தர் சிலையோடு. அது நிற்பது ஜஹானாராவின் சத்திரம் இருந்த மனையில். 1857 எழுச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர்கள் தில்லியைப் பழிதீர்த்த விதம் கொடூரமானது. கோட்டைக்குள் இருந்த அரண்மனைகளில் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டையைச் சுற்றிப் பீரங்கி சுடுவதற்கு வெளி வேண்டும் என்று வீடுகளை இடித்தார்கள். அக்பராபாதி மசூதி அந்த அலையில் போனது. ஃபதேபூரி மசூதியை ஏலத்தில் ஒரு வணிகர் வாங்கினார்; 1877-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. ஜஹானாராவின் சத்திரம் இடிந்து, 1860-களில் அங்கே டவுன் ஹால் எழுந்தது. தடாகம் இருந்த இடத்தில், வீதியின் நட்ட நடுவே, ஒரு மணிக்கூண்டு கட்டினார்கள். அதுவும் சுதந்திரத்துக்குப் பின் 1950-களின் தொடக்கத்தில் இடிந்து விழுந்தது. ஆனாலும் அந்த இடத்தை கண்டாகர், அதாவது மணிக்கூண்டு, என்றே கடைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஹமாம் இருந்த தென்புறத்தில் புதுச் சாலை ஒன்றை வெட்டினார்கள், அதுதான் பள்ளிக்கூடப் புத்தகம் மொத்தமாக வாங்கப் போகும் நை சடக். தோட்டம் விக்டோரியா ராணி பெயருக்கு மாறி, சுருங்கி, இப்போது மகாத்மா காந்தி பூங்கா. கால்வாய் 18-ஆம் நூற்றாண்டில் வறண்டு, 1820 வாக்கில் கொஞ்ச காலம் உயிர்பெற்று, கடைசியில் மண்மூடிப் போனது.

அவர் கட்டியதில் ஒரு சுவர்கூட மிச்சமில்லாத இடத்தில், அவர் இட்ட கட்டளை மட்டும் இன்னும் வேலை செய்கிறது என்பதை என் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன். பழைய வரைபடத்தை இன்றைய அளவீட்டின் மேல் வைத்தால் எண்கோணம் மறைந்துவிட்டது, ஆனால் வீதியின் கோடு அப்படியே இருக்கிறது. டவுன் ஹாலைக் கட்டிய ஆங்கிலேயர்களுக்கும் ஊரின் பொதுக் கட்டடத்துக்கு வேறு இடம் தோன்றவில்லை. அவர் மையம் என்று குறித்த இடத்தையே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் கட்ரா நீல் போன்ற துணி மண்டிகள் இன்றும் முற்றத்தைச் சுற்றிக் கடை, மேலே அறை, தெருவுக்கு ஒரே வாசல் என்ற பழைய அமைப்பிலேயே இயங்குகின்றன. அவை நேரடியாக ஜஹானாரா காலத்தவை என்று சொல்ல மாட்டேன், பலமுறை இடித்துக் கட்டப்பட்டவை. ஆனால் சத்திரம் எப்படி இயங்கியது என்று மாணவர்களுக்குக் காட்ட நான் அழைத்துப் போவது அங்கேதான். சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலளவு தடிப்புள்ள லக்கோரிச் செங்கல் தெரியும். இன்றைய செங்கல்லில் பாதி உயரம்கூட இருக்காது. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்து செங்கல் அளவுக்கே தடிமனாக இருக்கும்.

அவருடைய பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1658-இல் வாரிசுப் போரில் ஔரங்கசீப் வென்றார். ஜஹானாரா தாராவின் பக்கம் நின்றவர். தந்தையை ஆக்ராக் கோட்டையில் சிறைவைத்தபோது, 1666-இல் அவர் இறக்கும் வரை கூடவே இருந்தார். பிறகு ஔரங்கசீப்பே அவரை தில்லிக்கு வரவழைத்து, பழைய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தார். 1681-இல் இறக்கும் வரை அந்த இடம் அவரிடமே இருந்தது. கல்லறை நிஜாமுதீன் தர்கா வளாகத்தில், வாழும்போதே அவர் தயார்செய்து வைத்தது. பளிங்குச் சல்லடைத் தடுப்பு சுற்றி உண்டு, மேலே கூரை இல்லை. பசும்புல் தவிர வேறெதுவும் என்னை மூட வேண்டாம், எளியவர்க்கு அதுவே போதும் என்ற பொருளில் பாரசீக ஈரடி அங்கே கல்லில் இருக்கிறது. சந்தையும் சத்திரமும் பெருஞ்செலவில் கட்டியவர், தனக்கு என்று வரும்போது குவிமாடம் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார். அதுவும் ஒரு கட்டடக்கலை முடிவுதான்.

மறுபடி தில்லி போகும் எண்ணம் இருந்தால் ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். சாந்தினி சௌக்கில் அன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. வாரநாள் நெரிசலில் தெரியாத தெருவின் அகலம் அப்போது தெரியும். 2021-இல் தெருவைச் சீரமைத்து, பகலில் மோட்டார் வண்டிகளைத் தடைசெய்த பிறகு நடப்பதும் எளிதாகிவிட்டது. செங்கோட்டைக்கு முதுகைக் காட்டிப் புறப்பட்டு சீஸ்கஞ்ச் குருத்வாராவைத் தாண்டினால் வலப்பக்கம் டவுன் ஹால் வரும். அதன் எதிரே, நை சடக் தொடங்கும் முனையில் நின்றுகொண்டு கிழக்கே கோட்டையையும் மேற்கே ஃபதேபூரி மசூதியையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கும். தடாகம் இருந்தது அந்த நடுவில். செங்கோட்டையையும் அதே பயணத்தில் பார்ப்பதாக இருந்தால் திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை. ஆக்ராவுக்கும் போவதாக இருந்தால் தாஜ்மஹால் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஜாமா மஸ்ஜித், நுழைவுக் கட்டணம் கிடையாது. தொழுகை நேரம் தவிர்த்துப் போய், முகப்பு வளைவில் ஓடும் எழுத்து வரிசையில் அவர் பெயர் எங்கே வருகிறது என்று அங்கே இருப்பவர்களைக் காட்டச் சொல்லுங்கள்.